நீடிக்காத வாயு

மார்கழி மாதக் காலையில் ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தால் சேலம் நகரம் தெரியாது. சேர்வராயன், ஜருகுமலை, கஞ்சமலை என்று மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தில் பனியும் புகையும் கலந்து தேங்கி நிற்கும். வெயில் ஏறியதும் அங்கே எதுவுமே இருந்ததில்லை என்பதுபோல ஊர் வெளிப்படும். சென்ற வாரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, மேல்நிலை வகுப்பில் வேதியியல் நடத்திய காலத்தில் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "சீக்கிரம் கலைஞ்சு போற கேஸுன்னா ஆபத்து கம்மிதானுங்களே சார்?" அன்று மணி அடித்துவிட்டதால் பாதிப் பதிலோடு விட்டுவிட்டேன்.

போர் வாயுக்களை நிலத்தில் எவ்வளவு நேரம் தங்குகின்றன என்பதைக் கொண்டு இரண்டாகப் பிரிப்பது ராணுவ வழக்கம். 1917 ஜூலையில் களத்துக்கு வந்த கடுகு வாயு எண்ணெய்போல மண்ணில் படிந்து நாள்கணக்கில் நிற்கும். குளோரின், பாஸ்ஜீன், ஹைட்ரஜன் சயனைடு ஆகியவை திறந்த வெளியில் காற்றோடு விரைவில் கலைந்துவிடும் என்பதால் அவை நீடிக்காதவை. இந்தப் பிரிவினையில் சுவாசிப்பவனுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இடமே இல்லை. எதிரியை ஓரிடத்தில் நுழைய விடாமல் தடுக்க நீடிக்கும் நஞ்சும், அந்த இடத்தைத் தானே கைப்பற்ற நீடிக்காத நஞ்சும் வேண்டும். ஏவிய படையே சற்று நேரத்தில் அதே மண்ணை மிதித்து முன்னேற வேண்டுமல்லவா? ஆக, குறுகிய ஆயுள் என்பது தாக்குபவனின் வசதியைக் குறிக்கும் சொல்.

1915 ஏப்ரல் 22 மாலையில், பெல்ஜியத்தின் ஈப்ரு அருகே, பல நாள்கள் காற்றுக்குக் காத்திருந்த ஜெர்மானியப் படை 5,730 உருளைகளைத் திறந்து 150 டன்னுக்கும் மேற்பட்ட குளோரினை வெளியேற்றியது. அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய ஃபிரிட்ஸ் ஹேபர், அம்மோனியா தயாரிப்பு முறைக்காக நம் பாடப்புத்தகத்தில் இடம்பெறும் அதே ஹேபர்தான். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்று நாம் மனப்பாடம் செய்யும் எண்ணுக்கு அன்று அகழிக்குள் வேறு பொருள் இருந்தது: பாதுகாப்புக்காகத் தோண்டிய பள்ளத்துக்குள்ளேயே அது இறங்கியது.

நான்கு நாள்கள் கழித்து அதே களத்தில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் தாக்குதலில் இறக்கப்பட்டு வாயுவில் சிக்கியது. முகமூடி என்ற ஒன்றே அவர்களுக்கு இல்லை. காயமடைந்தவர்களைச் சுமந்து வந்து காப்பாற்றியதற்காக ஜமேதார் மிர் தஸ்துக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இங்கிலாந்தின் பிரைட்டனில் அரண்மனையை மாற்றியமைத்த மருத்துவமனையில் இருந்தபடி, பதக்கம் சிறப்பானதுதான், ஆனால் இந்த வாயு தனக்கு ஓய்வே தரவில்லை என்று அவர் எழுதினார். களத்தில் கலைந்துபோன வாயு, ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பிறகும் அவர் உடலை விடவில்லை. என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

அவ்வாண்டு டிசம்பரில் வந்த பாஸ்ஜீன் இதைவிடக் கொடியது. குளோரின் உடனே கண்ணையும் தொண்டையையும் எரித்து எச்சரித்துவிடும். பாஸ்ஜீனுக்கோ பழைய வைக்கோலின் லேசான வாசனை மட்டுமே உண்டு. வைக்கோற்போர் வைத்த வீட்டில் வளர்ந்த எனக்கு இந்த ஒப்புமை இன்றும் உறுத்துகிறது. அதைச் சுவாசித்தவர் மணிக்கணக்கில், சில வேளைகளில் ஒரு நாள் வரையிலும்கூட, நலமாக நடமாடிவிட்டுப் பிறகு நுரையீரலில் நீர் கோத்துச் சாய்வார். முதல் உலகப் போரின் வாயு மரணங்களில் பெரும்பகுதி பாஸ்ஜீனால் நேர்ந்தவை.

குளோரின் நமக்கு அந்நியமான பொருள் அன்று. நம் மாவட்டத்து மேட்டூரிலேயே உப்புக்கரைசலை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரித்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரைக் கிருமியில்லாமல் வைப்பதும் அதுவே. 1997-இல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுத உடன்படிக்கையின் பட்டியல்களில் பாஸ்ஜீனும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு, குளோரின் இல்லை. உலகமே அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றை எப்படிப் பட்டியலிடுவது? இருப்பினும் எந்த நச்சுப்பொருளையும் ஆயுதமாக்கக் கூடாது என்ற பொதுத்தடை அதையும் கட்டுப்படுத்துகிறது.

மீறினால் நிரூபிப்பதுதான் கடினம், ஏனெனில் கலைந்துவிடும் வாயு தடயத்தையும் உடன்கொண்டு போய்விடுகிறது. 2018 ஏப்ரலில் சிரியாவின் டூமா நகரில் குடியிருப்பு ஒன்றின் மீது குளோரின் உருளை விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆய்வாளர்கள் உள்ளே செல்ல இரண்டு வாரங்களாயின. அதற்குள் காற்றில் ஒன்றும் மிச்சமில்லை. அவர்கள் கட்டடத்திலிருந்த மரத்துண்டுகளைச் சீவி எடுத்துச் சென்றார்கள். ஊசியிலை மரத்தில் இயல்பாக உள்ள பிசின் பொருள்களோடு குளோரின் சேர்ந்தால் உருவாகும் போர்னைல் குளோரைடு, அந்த மரத்தில் அப்படியே இருந்தது.