விளக்குப்பொறி நாட்குறிப்பு

ஜூலை 6

காற்று. திரைத்துணி கட்டிய கயிறு ராத்திரி முழுக்கப் படபடத்தது. காலையில் பூச்சிகளை எண்ணலாம் என்று பொறியின் பெட்டியைத் திறந்தால் முட்டை அட்டைகளுக்கிடையே கொசுவும் சாணி வண்டும்தான். புகையிலை வெட்டுப்புழுவின் அந்துப்பூச்சியான புரோடீனியா ஆறு. இறகு அந்துப்பூச்சி ஒன்று, சிறகுகளை ஒடுக்கி ‘டி’ எழுத்துப் போல உட்கார்ந்திருந்தது.

“என்ன வந்துச்சு?” என்று உள்ளேயிருந்து அவர் குரல்.

“புரோடீனியா.”

“அது தினம் வர்றதுதானே.”

ஜூலை 7

இன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடவில்லை.

ஜூலை 8

அவர் அறைச் சன்னலுக்கு நேராக வெளிச்சம் அடிக்கிறதே என்று பொறியைக் கிணற்றடிப் பக்கம் நகர்த்தினேன். சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டார். பழைய இடத்திலேயே வை என்கிறார். கூரையில் அந்த ஊதா வெளிச்சம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டுமாம். சரி, நகர்த்தியாயிற்று. குழலை நேராகப் பார்க்காதீர்கள், புறஊதா கண்ணுக்கு ஆகாது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தவர், “இதுங்க ஏன்தான் வந்து விழுதுங்க?” என்றார். நிலாவை வைத்து வழி பார்த்துப் போகும் பூச்சி விளக்கை நிலா என்று நினைத்து ஏமாறுகிறது, நம் காலத்துப் பாடம் அதுதான். 2024-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு வேறு சொல்கிறது. அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். பூச்சி விளக்கை நோக்கி வருவதில்லை, விளக்குப் பக்கம் முதுகைத் திருப்புகிறது. ராத்திரியிலும் தரையைவிட வானம்தான் வெளிச்சம். முதுகு வெளிச்சத்துப் பக்கம் இருந்தால் உடம்பு நேராக இருக்கிறது என்று அர்த்தம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கணக்குத் தப்பியதே இல்லை. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் முதுகைச் சாய்த்துச் சாய்த்து அதையே சுற்றுகிறது. விளக்குக்கு நேர் மேலே போனால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது.

“அப்போ ஆசைப்பட்டு வரலையா? விட்டில், விளக்குன்னு பாடினதெல்லாம் பொய்யா?”

பொய்தான் என்றேன். சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது.

ஜூலை 9

அரளியில் ஒரு புழு. விரல் தடிமன், பச்சை. தலைக்குப் பின்னால் நடுவில் வெள்ளையும் சுற்றி நீலமுமாக இரண்டு பொய்க்கண்கள். அரளிப் பருந்து அந்துப்பூச்சி. அந்தப் பால் யாரைக் கொன்றாலும் இதைக் கொல்லாது. முழு இலையையும் காம்பு வரை தின்கிறது. சன்னலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அந்த ஆய்வில் விளக்குக்கு முதுகைத் திருப்பாமல் தன் பாட்டுக்கு மேலே பறந்து போனவற்றில் இந்த இனமும் ஒன்று. ஏன் இதற்கு மட்டும் என்று கேட்டார். என்னிடம் கேட்டால்?

ஜூலை 10

பௌர்ணமி. இன்றைக்குப் பொறி வைப்பது தண்டம். நிலா வெளிச்சத்தில் குழல் எடுபடாது. வைத்தேன். எப்படியும் தூங்கப் போவதில்லை.

மூன்று. அதில் ஒன்று பல்லியின் வாயில்.

மூன்றையும் எழுதினேன். ஒன்றுமே வராத நாளையும் எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரி. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1933-இலேயே பொறி வைத்து எண்ண ஆரம்பித்திருக்கிறார்கள். வந்ததை மட்டும் எழுதி வராததை விட்டிருந்தால் இன்றைக்கு எது குறைந்தது, எது கூடியது என்று யாரால் சொல்ல முடியும்? என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தது. இந்த நான்கும் இருந்தால்தான் பதிவு. மற்றதெல்லாம் அழகான படம், அவ்வளவுதான்.

ஜூலை 11

பையன் போன் செய்தான். “என்னம்மா சொன்னாங்க?” இதையே எத்தனை தடவை கேட்பான். நான் மட்டும் ரிப்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு இருக்கிற மாதிரி.

ஜூலை 13

அட்டையின் குழிக்குள் புரோடீனியா முட்டைக் குவியல் வைத்திருக்கிறது. தன் வயிற்று மயிரையே உதிர்த்து மேலே போர்த்தியிருக்கிறது, பழுப்புக் கம்பளித் துண்டு ஒட்டிக்கிடப்பது போல. இதன் புழுக்கள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைச் செடிகளைத் தின்னும். விவசாயி பார்த்தால் அட்டையோடு நசுக்கியிருப்பார். நான் அட்டையை வேலியோரம் வைத்துவிட்டு வந்தேன். பிறகு திரும்பிப் போய்க் கத்தரிச் செடியிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

ஜூலை 15

பெயர் தெரியாத ஒன்று. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சுத்தப் பழுப்பு. முன்சிறகின் ஓரத்தில் வெளிறிய கோடு, நடுவில் சிறுநீரக வடிவில் மங்கலான ஒரு புள்ளி. அந்தப் புள்ளி இந்தக் குடும்பத்தில் பாதிப் பேருக்கு உண்டு. கோடு மீதிப் பேருக்கு.

கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன், அவருடைய ஊசி மருந்துக்குப் பக்கத்தில். குளிரில் அடங்கி உட்கார்ந்தால் படம் எடுக்க வசதி.

ஜூலை 16

கூப்பிட்டார்கள். அவரிடம் எடுத்த சாம்பிளை வேறு சாயம் போட்டு மறுபடியும் பார்க்க வேண்டுமாம். இன்னும் ஒரு வாரம், “முன்னப்பின்ன ஆகலாம்.”

ஜூலை 17

பழுப்பின் படங்களைத் தெரிந்தவர் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். பேரினம் வரைக்கும் சொல்லிவிடலாம், அதற்கு மேல் படத்தில் சொல்ல முடியாது, வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்று பதில். வழிமுறையையும் விலாவாரியாக எழுதியிருக்கிறார். பூச்சியைக் கொன்று, வயிற்றுப் பகுதியைப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் சதையெல்லாம் கரைந்துபோகும். மிஞ்சுகிற பிறப்புறுப்பைத் தூரிகையால் சுத்தம் செய்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் அதன் கொக்கியும் வளைவும் இனத்துக்கு இனம் மாறும். வெளியே அச்சு அசலாக ஒன்று போலவே இருப்பவைகூட உள்ளே வேறுவேறாம்.

நல்ல மனிதர், உதவி செய்கிறார். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அறிந்துகொள்ள ஆசை இல்லாமல் இல்லை. ஆசை இல்லாதவள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பறவைகளோடு போட்டி போடுவாளா? பெயர் தெரிந்தால் என்ன தின்னும், எங்கே வளரும், எத்தனை நாள் இருக்கும் எல்லாம் தெரியும். பெயர் இல்லாத ஒன்றை என்ன செய்வது? ஆனால் குப்பிக்குள் அது இரண்டு முன்கால்களாலும் உணர்கொம்பைப் பிடித்து இழுத்து இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். எனக்கு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை.

அவரிடம் சொல்லவில்லை. சாயம் என்ற வார்த்தையே வீட்டில் வேண்டாம்.

ஜூலை 18

பழுப்பை விட்டுவிட்டேன். குறிப்பேட்டில் பேரினப் பெயர், பக்கத்தில் “சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை.” இப்படி எழுதுவது முறைதான், தெரிந்தவர்களும் எழுதுகிறார்கள். செம்பருத்திப் புதரில் ஆழமாகக் கையை விட்டு விட்டேன். பொறிக்குப் பக்கத்திலேயே விட்டால் கரிச்சானுக்குப் பந்தி.

ஜூலை 19

அந்துப்பூச்சி வாரம் இன்று தொடங்குகிறது. 2012-லிருந்து ஜூலைக் கடைசியில் நடக்கிறது. எத்தனையோ தேசங்களில் ஆட்கள் தோட்டத்தில் விளக்கு வைத்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் கூட்டமே பிடிக்காது, இந்தக் கூட்டம் பரவாயில்லை. யாரும் யாரிடமும் “சாப்பிட்டாரா, தூங்கினாரா” என்று கேட்பதில்லை.

புழுவைக் காணோம்.

ஜூலை 20

மழை. பொறி வைக்கவில்லை. ஈரத்தில் சோக் பக்கம் கை வைக்கப் பயம்.

புழு செத்திருக்காது என்கிறார். பழுப்பாக மாறி இறங்கிப் போனதைத் தானே பார்த்ததாகச் சொல்கிறார். கூட்டுப்புழு ஆவதற்கு முன் அது அப்படித்தான் நிறம் மாறிச் சருகுக்குள் போகும், ஆகவே நம்பலாம். அரளிக்கடியில் யாரும் கூட்டக் கூடாது என்று உத்தரவு.

ஜூலை 22

பசி இல்லை என்கிறார். எனக்கும்.

ஜூலை 24

அமாவாசை. புழுக்கம், மேகம், ஓர் இலை அசையவில்லை. இந்த ராத்திரிக்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஏழரைக்குக் குழல் போட்டேன், எட்டரைக்குத் திரைத்துணியில் வெள்ளை இடம் தேட வேண்டியிருந்தது. காய்ப்புழுவின் அந்துகள், பழம் துளைக்கும் பெரியது ஒன்று (பின்சிறகு ஆரஞ்சு, அதை மூடிக்கொண்டால் வெறும் காய்ந்த இலை), காவடிப்புழுக் குடும்பத்துச் சன்னமான பச்சைகள், பெயர் தெரியாத பொடிகள் எக்கச்சக்கம். எண்ணிக்கை தப்பிக்கொண்டே போனது. எழுதிய தாளிலேயே ஒன்று உட்கார்ந்து நகர மறுத்தது.

பத்து மணிக்குக் கதவு திறக்கிற சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“சாவிக்கொத்தை எடு.”

திரைக்குப் பக்கத்தில் கொத்தை ஒரு குலுக்குக் குலுக்கினார். நாலைந்து அப்படியே பொத்தென்று தரையில் விழுந்தன. சாவிகள் உரசும்போது நம் காதுக்கு எட்டாத கீச்சொலியும் கிளம்பும். வௌவால் கத்துகிறது என்று நினைத்துச் செவியுள்ள அந்துகள் விழுந்துவிடும். செவி இல்லாதவை அசையாமல் இருக்கும். போன வருஷம் நான் சொன்னது, ஞாபகம் வைத்திருக்கிறார். மறுபடி மறுபடி குலுக்கினார். பாவம், போதும் என்று பிடுங்கி வைத்தேன்.

அப்புறம் பெரியது வந்தது. சாம்பல் உடம்பு, வயிற்றின் பக்கவாட்டில் ரோஜா நிறப் பட்டைகள், உடம்பைவிட நீளமான உறிஞ்சுகுழலை உள்ளே சுருட்டி வைத்திருக்கும் ஆக்ரியஸ் கன்வால்வுலி என்ற பருந்து அந்துப்பூச்சி. அவர் சட்டைக் கையில் ஏறி உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் சிறகு நடுங்க ஆரம்பித்தது. “பயப்படுதா?” என்றார். பயம் இல்லை, மார்புத் தசை சூடேறினால்தான் அந்தக் கனத்துக்குக் கிளம்ப முடியும், நின்ற இடத்திலேயே சிறகை அதிரவிட்டுச் சூடு ஏற்றுகிறது என்றேன். கையை நீட்டியபடியே வைத்திருந்தார். அவர் கையும் நடுங்கியது, ஆனாலும் இறக்கவில்லை. போனதும், “நான் கேட்டது அரளிப் பச்சையைத்தானே” என்றார்.

ஜூலை 25

காய்ச்சல் நூற்றி ஒன்று. நேற்றுப் பனியில் உட்கார வைத்தது நீதானே என்று பையன். வைக்கவில்லை, வந்தார். ஒரு மணி நேரம் அவர் உட்கார்ந்திருந்ததை யாருக்கும் புரிய வைக்க எனக்குத் தெம்பில்லை.

ஜூலை 26

நூறு. பொறி வைக்கவில்லை. அரளிக்கடியில் பார்த்தேன். சருகைக் கிளறவில்லை.

ஜூலை 28

காய்ச்சல் விட்டது. பழுப்பு மறுபடி வந்திருக்கிறது, அதுவோ அதன் தம்பியோ. இந்த முறை படம்கூட எடுக்கவில்லை. தேதி, மேகம், காற்று இல்லை, ஒன்று.

ஜூலை 30

நாளை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், நேரில். போனில் சொல்ல மாட்டார்களாம். பையன் காலை வண்டிக்கு வருகிறான். குழலின் ஒரு முனை கறுத்துவிட்டது, திரும்பி வரும்போது புதிது வாங்க வேண்டும். சாவியைப் பக்கத்து வீட்டில்