எலைசாவிடம் அம்மா கேட்ட கேள்வி

பெர்லினுக்கு நான் என்ன படிக்க வந்தேன் என்பதை மன்னார்குடியில் இருக்கும் சித்தப்பாவுக்கு இன்னும் விளக்கி முடிக்கவில்லை. "மனோதத்துவமா, கம்ப்யூட்டரா? ஒன்றைச் சொல்" என்கிறார். இரண்டும்தான். பழைய வழக்கங்களைப் புரட்டிப்போடும் டிஜிட்டல் தொழில்நுட்பங்கள் மனித மனத்தை என்ன செய்கின்றன என்பதுதான் படிப்பு. அவரோ ஊரில் எல்லோரிடமும் "பைத்தியத்துக்கு வைத்தியம் படிக்கிறாள்" என்று சொல்லிவிட்டார்.

முதல் மாதம் காகிதங்களோடு போயிற்று. குடியிருக்கும் முகவரியைப் பதிவு செய்யும் 'ஆன்மெல்டுங்' இல்லாமல் இங்கே பெரும்பாலும் எதுவும் நகராது. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது என்பது தெரியாமல் ஒருநாள் முழுக்க ரொட்டியும் மாவடுவுமாக ஓட்டினேன். டிசம்பர் வந்ததும் மாலை 4 மணிக்கே இருட்டிவிட்டது. பேச ஆளில்லாமல், ஜெர்மன் பழகுகிறேன் என்ற சாக்கில் இரவெல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு உரையாடிக்கொண்டிருந்தேன். அது என்னைப் புரிந்துகொள்கிறது என்றே பட்டது.

அந்த வாரம்தான் வகுப்பில் எலைசா வந்தாள். ஜோசப் வைசன்பாம் அமெரிக்காவில் எழுதி 1966-ல் வெளியிட்ட கணினி நிரல் அது. மனநல ஆலோசகரைப் போல, நாம் சொன்னதையே திருப்பி நம்மிடம் கேள்வியாகக் கேட்கும். அதற்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் அதை அவர் எழுதுவதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு சில வரிகள் பேசியதும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டாராம். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் காது சூடானது. வைசன்பாம் 1923-ல் இதே பெர்லினில் பிறந்த யூதர், நாஜிகளின் காலத்தில், 1936-ல், குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனவர் என்பதைப் பிறகுதான் படித்தேன். கடைசிக் காலத்தில் இந்த நகரத்துக்கே திரும்பி வந்துவிட்டார்.

எலைசாவை அவரவர் தாய்மொழியில் எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் வேலை சுலபம்: 'நான்' வரும் இடத்தில் 'நீங்கள்' என்று மாற்றினால் பாதி முடிந்தது. தமிழில் ஆள் வினையின் வாலில் ஒளிந்திருக்கிறார். "சோர்வாக இருக்கிறேன்" என்பதில் 'நான்' எங்கே இருக்கிறது? சரி, சொல்லின் கடைசியில் 'ேன்' வந்தால் 'ீர்கள்' ஆக்கு என்று விதி எழுதினேன். "கடையில் தேன் வாங்கினேன்" என்று தட்டினேன். "கடையில் தீர்கள் வாங்கினீர்களா?" என்று கேட்டது. நள்ளிரவில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து அறை கொலம்பியப் பெண் கதவைத் தட்டி நலமா என்று விசாரித்தாள்.

'நீ'யா 'நீங்கள்'ளா என்பது அடுத்த சிக்கல். ஆலோசகர் என்பதால் மரியாதையே இருக்கட்டும் என்று விட்டேன்.

மறுநாள் வீடியோ அழைப்பில் அம்மாவிடம் காட்டினேன். அங்கே நேரம் நாலரை மணி முன்னால். அவர் இரவுச் சமையலை முடித்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். புது ஆளிடம் முதலில் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்:

"சாப்பிட்டாயா?"

"நான் சாப்பிட்டேனா என்று ஏன் கேட்கிறீர்கள்?"

அம்மாவின் முகம் மாறியது. "இது என்ன, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி போடுகிறது? யார் வளர்த்தது?"

அறுபது ஆண்டுகளாக உலகம் எலைசாவிடம் ஏமாந்த கதையைத்தான் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே வரியில் அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். இரவெல்லாம் உரையாடிய எனக்கு அது உறுத்தியது. ஆனாலும் அவர் மனம் கோணக்கூடாது என்று, 'சாப்பிட்டாயா' வந்தால் "சாப்பிட்டேன், நீங்கள்?" என்று சொல்ல ஒரு விதி சேர்த்தேன். பொய்தான். மறுபடி கேட்கச் சொன்னேன்.

"இப்போது பரவாயில்லை" என்றார். "என்ன சாப்பிட்டது என்று கேள்."