அனாமத்துக் கணக்கு

நம் பள்ளியில் 1987-ல் பிளஸ் டூ முடித்த வணிகவியல் பிரிவுக்காரர்களுக்கு, நமக்குக் கணக்குப்பதிவு சொல்லிக்கொடுத்த சாரின் சிவப்பு மை மறந்திருக்காது. ஒருநாள் பேரேட்டில் 540 என்று எழுத வேண்டிய இடத்தில் 450 என்று எழுதிவிட்டேன். பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, மேலேயே சரியான எண்ணை எழுதிக் காட்டினேன். சார் அந்தத் தாளைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எண் இருந்த இடத்தில் பொட்டளவு வெளிச்சம் தெரிந்தது.

"சுரண்டாதே தம்பி. தப்பா எழுதினது தெரியட்டும். ஒரு கோடு அடி, கீழே திருத்தப் பதிவு போடு, என்ன காரணம்னு ஒரு வரி எழுது."

அவ்வளவுதான். அடிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

பின்னாளில் மன்னார்குடிக்கு வெளியே சின்னதாக ஓர் அரவை மில்லும் நெல் வியாபாரமும் வைத்திருந்தேன். 2011-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்கு முன்பே, 6-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். எங்கு பார்த்தாலும் குறுவை நெற்பயிர். குறுவை அறுவடை பல வருஷம் ஐப்பசி மழையில் போய் மாட்டும். அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அந்த நெல் வியாபாரியிடம்தான் வரும், விலையும் குறையும். வாங்கிக் காயவைத்தால் நல்ல காசு என்று கணக்குப் போட்டேன். என் களத்தில் ஒரு தடவைக்கு 150 மூட்டைதான் காயும். வாங்கி அடுக்கியது 600. பாதிக்கு மேல் கடன், தீபாவளிக்குள் தருகிறேன் என்ற வாய்ச்சொல்லில்.

மழை விடவில்லை. ஆறாம் நாள் படுதாவை விலக்கி மூட்டை அட்டிக்குள் கையை விட்டேன். இட்லிப் பானை மூடியைத் திறந்தது போலச் சூடு. புளித்த வாடை. குத்தூசியில் வந்த நெல்லில் சிலது முளை விட்டிருந்தது. அரைத்துப் பார்த்தால் அரிசி மஞ்சள். கடைசியில் கோழித் தீவனத்துக்குப் போனது.

அடுத்த வருஷமாவது எழுந்திருக்கலாம் என்றால் 2012-ல் அணை திறந்தது செப்டம்பர் 17-ல். குறுவையே இல்லை, மில்லுக்கு நெல்லும் இல்லை. 2013-ல் மில்லை விற்றுவிட்டுச் சிங்கப்பூர் வந்தேன். தேக்காவில் பெரியப்பா மகனின் மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2017-க்குள் நெல் கொடுத்த 31 பேருக்கும் பாக்கியைத் தீர்த்தேன்.

பணம் தீர்ந்தது, மனசு தீரவில்லை. ஊருக்குப் போனால் வெண்ணெய்த்தாழித் திருவிழா அன்றுகூட வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன். சோற்றில் ஒரு மஞ்சள் பருக்கை கிடந்தால் அன்றைக்குச் சாப்பாடு அதோடு சரி. தொழிலில் அடிபட்டு இப்படி ஊருக்கு வரவே கூசுகிற நம் தோழர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

2020 ஏப்ரலில் இங்கே ஊரே அடைபட்டுக் கிடந்தபோது, வேலை முடிந்தால் அறைதான். ஓர் இரவு நோட்டு ஒன்றை எடுத்து, அந்த ஐப்பசியை நாள்வாரியாக எழுதினேன். மழை என் பற்றுக் கணக்கில் வராது. 150 மூட்டைக் களத்துக்கு 600 வாங்கியது என் பேராசை. எழுதினேன், காரணமும் எழுதினேன். அதைப் பார்க்க முன்போல் நடுக்கம் வரவில்லை. அப்புறமும் ஏதோ ஒட்டாமல் நின்றது. இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒட்டாவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போடுவோமே, சார் சொல்வார், அதை அங்கேயே விட்டுவிடக் கூடாது, தேடணும் என்று.

மறுநாள்தான் அது கைக்கு வந்தது. 2011 நவம்பரிலிருந்து 40 நாள் போனை அணைத்துவிட்டுத் தஞ்சாவூரில் அக்கா வீட்டு மாடியில் ஒளிந்திருந்தேன். ஒன்பது வருஷமாக நெல் கெட்டதற்காக என்னை நானே வைதுகொண்டிருந்தேன். நெல்லுக்குத்தான் பணம் கொடுத்தாயிற்றே! ஒளிந்ததற்கு ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைத வசவெல்லாம் இந்த ஒன்றைச் சுரண்டி மறைக்கத்தான் பயன்பட்டிருக்கிறது.

2022-ல் மேட்டூரில் மே 24-லேயே தண்ணீர் விட்டார்கள். குறுவை அறுவடை நேரத்தில் ஊருக்குப் போனேன். நெல் கொடுத்தவர்களில் ஒருவன் நம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பெயர் போடாதே என்று சொல்லியிருக்கிறான்.

"அன்னைக்கு உங்கிட்ட வந்து நிக்காம ஓடிப் போனேன்டா. அது தப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "மூணு தடவை வந்தேன். பூட்டுதான் தொங்குச்சு. காசை விட அதான்டா வலிச்சுச்சு" என்றான். பிறகு, "அதைச் சொல்ல இவ்வளவு வருஷமா? சரி, காப்பி குடி" என்றான்.

அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலை அவனே வந்து களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். நெல் விரித்துக் கிடந்தது. மேற்கே லேசாக மூட்டம்.

"ஈரம் பார்த்துச் சொல்லுடா. அட்டி போடலாமா?"

நாலு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தேன். 'கடக்' என்று உடையாமல் நசுங்கியது.

"இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்றேன்.

சரி என்று, கையிலிருந்த படுதாவை மடித்து வரப்பில் வைத்தான்.