தங்கச்சி போய்ப் பன்னிரண்டு நாள்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வான் வண்டியில் ஏறிய என் தங்கச்சி, இப்போது ஜேர்மனியில் ஒரு குடும்பத்தின் மாடி அறையில் இருக்கிறாள்.

ஓ பேர் என்ற திட்டம். வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மொழி படிக்கலாம். கிழமைக்கு 30 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சாப்பாடும் தங்குமிடமும் போக, மாதம் 280 யூரோ கைச்செலவுக்குக் கொடுக்க வேண்டும். விதி அது. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், "பிள்ளையை வீட்டுவேலைக்கா அனுப்பினீர்கள்?" என்று கிளிநொச்சிச் சந்தையில் ஒருவர் அம்மாவைக் கேட்டுவிட்டார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

முதல் இரவு மேசையில் பாண், சீஸ், வெட்டிய வெள்ளரிக்காய். சோறு பிறகு வரும் என்று காத்திருந்து, பாதி வயிற்றோடு படுத்திருக்கிறாள். அங்கே பல வீடுகளில் இரவுச் சாப்பாடே அதுதானாம். வீட்டுக்கார அம்மா தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். இவளுக்கு நா எழும்பவில்லை. எங்கள் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு எப்படி எழும்பும்?

நேற்று வீடியோ அழைப்பில் நான்கு வயதுச் சின்னவன் அவள் மடியில் இருந்தான். அம்மா கொடுத்துவிட்ட பனங்கட்டி அவன் கையில் உருகி, விரலெல்லாம் பிசுபிசுத்தது. இவள் மேசையைக் காட்டி ஜேர்மன் மொழியில் "டி டிஷ்" என்றாள். அவன் விரலைச் சூப்பியபடியே "டெர் டிஷ்" என்று திருத்தினான். மேசை என்ற சொல்லுக்கு முன்னால் "டெர்"தான் வர வேண்டுமாம். அவள் சிரித்தாள். போன பிறகு அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அப்போதுதான்.

காலையில் அம்மா பனங்கட்டி வாங்கப் போய்விட்டார்.