குழாய் வெளியே தெரியும் நேரம்

அலைகளுக்கு நடுவே ஒரு நீர்மூழ்கியின் ஸ்நார்க்கல் குழாய் (மூழ்கியபடியே டீசல் இயந்திரத்துக்குக் காற்று இழுப்பது) மட்டும் தலைநீட்டும் படம் இன்று கண்ணில் பட்டது. பின்னால் மெல்லிய டீசல் புகை.

டீசல் நீர்மூழ்கி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போதுதான்.

ஈய-அமில பேட்டரியில் கடைசிப் பகுதியை நிரப்புவதுதான் பெரும்பாடு. மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டாலே ஒரு பொறி போதும். லித்தியம் அயான் பேட்டரியோ ஏறக்குறைய நிறையும்வரை வேகமாக வாங்கிக்கொள்ளும். குழாய் சீக்கிரம் உள்ளே போய்விடும்.

ஏஐபி, அதாவது வெளிக்காற்று இல்லாமல் சேமித்த திரவ ஆக்சிஜனில் ஓடும் இயந்திரம், இருந்தால் வாரக்கணக்கில் மேலே வராமல் கிடக்கலாமே என்பார்கள். உண்மைதான், ஆனால் ஆமை வேகத்தில். வேகத்தை இரட்டிப்பாக்கினால் உந்துதிறன் சுமார் 8 மடங்கு வேண்டும். அந்தச் சிறு இயந்திரத்தால் ஆகாது. திரவ ஆக்சிஜன் தீர்ந்தால் நடுக்கடலில் நிரப்பவும் வழியில்லை.

2020-ல் சேவைக்கு வந்த 'ஓரியூ' நீர்மூழ்கியில் ஜப்பான் ஏஐபி வகையான ஸ்டிர்லிங் இயந்திரத்தையே விட்டுவிட்டு லித்தியத்துக்கு மாறியது. நெடுந்தூர ரோந்துக்கு அதுதான் சரி என்பேன்.

பயம் தீயில்தான். ஒரு செல் கட்டுமீறிச் சூடேறினால் பக்கத்துச் செல்லையும் இழுத்துவிடும். செல்களுக்கிடையே தடுப்பு, செல்வாரியாக வெப்பக் கண்காணிப்பு, பேட்டரி அறைக்கென்று தனித் தீயணைப்பு: இவற்றை எரித்துச் சோதித்துக் காட்டாதவரிடம் எந்தக் கடற்படையும் கையெழுத்துப் போடக் கூடாது.