பத்து லிங்கன், ஒரு ரூஸ்வெல்ட்: வாஷிங்டனில் மாமாவோடு மூன்று நாள்

நேற்று இரவு பதினோரு மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தோம். கால் வலி இன்னும் போகவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பயணம், தங்கும் இடம், செலவு என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் முதலில் அந்தப் பேருந்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு ஆளுக்கு 28 டாலர். ரயிலுக்கு அன்றைக்கு மூன்று மடங்கு கேட்டது, அதனால்தான் பேருந்து. எட்டு மணி வண்டி ஒன்பதே முக்காலுக்கு வந்தது. ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் மேலே ஏசியிலிருந்து மாமாவின் தோளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். டிரைவரிடம் போய்ச் சொன்னால் வேறு சீட்டில் உட்காருங்கள் என்கிறார். வேறு சீட் இருந்தால்தானே! கழிவறைக் கதவு வேறு சரியாக மூடவில்லை; பால்டிமோர் தாண்டும்வரை அந்த நாற்றத்தோடு வந்தோம். அறுபத்தெட்டு வயது மனிதர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் வந்தார். எனக்குத்தான் ஆறவில்லை. காசு மிச்சம் என்று வயதானவர்களை இப்படிப்பட்ட வண்டியில் ஏற்றாதீர்கள்.

மாமா பாளையங்கோட்டைப் பக்கம் முப்பது வருடம் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நியூஜெர்சிக்கு என்னோடு இரண்டு மாதம் இருக்க வந்திருக்கிறார். தண்ணீர் சொட்டுவதை மறக்கவோ என்னவோ, "மருமகனே, நாம நினைவிடம் பார்க்கப் போற அமெரிக்க ஜனாதிபதிங்கள்ல யாருப்பா பெரிய ஆளு?" என்று ஆரம்பித்தார். யோசிக்காமல் லிங்கன் என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்தான். இதுல பேச்சுக்கே இடமில்லை."

போனை எடுத்துக் காட்டினேன். சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்று ஆசிரியர்களிடம் 2000, 2009, 2017, 2021 என்று நான்கு முறை கேட்டு ஜனாதிபதிகளை வரிசைப்படுத்தியது. நான்கிலும் லிங்கன்தான் முதலிடம். கடைசி மூன்றிலும் வாஷிங்டன் இரண்டாவது, ரூஸ்வெல்ட் மூன்றாவது. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, "மார்க்கை விடு. பேப்பரைத் திருத்தினவன் யாருன்னு பார்க்கணும்" என்றார்.

யூனியன் ஸ்டேஷனில் இறங்கும்போது மணி நாலு. இரண்டு மைல்கூட இல்லாத ஓட்டலுக்கு, மீட்டர் இல்லாத ஒரு காரில் 40 டாலர் வாங்கிவிட்டார்கள். நம் பணத்தில் மூவாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல்! பெட்டிகளை வண்டியில் ஏற்றிய பிறகுதான் தொகையையே சொன்னார் அந்த ஆள். மெட்ரோ அதே கட்டடத்தில் கீழேயே இருக்கிறது. தயவுசெய்து அதில் போங்கள்.

நல்ல செய்தி, வாஷிங்டனில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை இலவசம். மறுநாள் காலை காபிடல் என்ற நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டிப்போனார்கள், அதற்கும் காசில்லை. வட்ட மண்டபத்துச் சுவரில் டிரம்புல் வரைந்த பெரிய ஓவியம் ஒன்று. 1783 டிசம்பரில் அன்னாபோலிஸ் நகரில் ஜார்ஜ் வாஷிங்டன் தளபதிப் பதவியைத் திருப்பிக் கொடுக்கிற காட்சி. அவருக்குப் பின்னால் ஒரு காலி நாற்காலி, அதன்மேல் ஒரு போர்வை. மாமா அதைவிட்டு நகரவே இல்லை. "போர்ல ஜெயிச்ச சேனாபதி, ஊருக்குப் போறேன்னு கிளம்பியிருக்கான். அப்புறம் ஜனாதிபதியாகி ரெண்டு தடவையோட போதும்னு மறுபடி கிளம்பிட்டான். நம்ம லிஸ்டுல இவனையும் சேர்க்கணும்" என்றார். சேர்த்தோம். ஆனால் அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் அவர் இறக்கும்போது 317 அடிமைகள் இருந்தார்கள், அதில் 123 பேர் அவருக்கே சொந்தம். தன்னுடையவர்களை விடுவிக்கச் சொல்லி உயில் எழுதினார், உண்மைதான். அதையும் தான் செத்து, மனைவியும் செத்த பிறகு என்று எழுதினார். வாழ்நாளில் அந்தக் கையெழுத்தைப் போடாத ஒருவரை என்னால் முதலிடத்தில் வைக்க முடியாது.

வெளியே வந்து நடந்தபோது வழியில் ஒரு சின்னச் சதுக்கம். முள்கம்பியில் சிக்கிய இரண்டு வெண்கலக் கொக்குகள். சுற்றியுள்ள கல்லில் பத்து முகாம்களின் பெயர்கள். 1942-இல் ரூஸ்வெல்ட் போட்ட ஓர் உத்தரவால் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஜப்பானிய வம்சாவளியினரை வீடு, கடை, வயலை விட்டுப் பெயர்த்து அடைத்து வைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அமெரிக்கக் குடிமக்கள். மாமாவைப் பார்த்தேன். "இது தப்புதான். இதுக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன்" என்றார். மாமாவிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

மத்தியானம் ரூஸ்வெல்ட் நினைவிடம். கூரை இல்லாத நான்கு அறைகள், அவருடைய நான்கு பதவிக்காலத்துக்கும் ஒவ்வொன்று. எங்கு பார்த்தாலும் கல்லும் தண்ணீரும். இரண்டாவது அறையில் ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் ஐந்து ஆண்கள், வெண்கலத்தில், ஆள் உயரம். தொப்பி, பழைய கோட்டு, குனிந்த தலை. எல்லோரும் வரிசையின் கடைசியில் போய் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாமாவும் போய் நின்றார். நான் போனைத் தூக்கியதும் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அறுபத்தாறுல எனக்கு ஒன்பது வயசு. அம்மாகூட ரேஷன் கடையில இப்படித்தான் நின்னேன். முன்னாடி நிக்கிறவர் முதுகு மட்டும்தான் தெரியும்."

அப்புறம் பக்கத்துச் சுவரில் செதுக்கியிருந்த ரூஸ்வெல்ட்டின் 1937 பேச்சை எனக்குத் தமிழில் சொன்னார். நிறைய வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சேர்ப்பது முன்னேற்றத்துக்கு அளவுகோல் ஆகாது, கொஞ்சமாக வைத்திருப்பவர்களுக்குப் போதுமான அளவு கொடுக்கிறோமா என்பதுதான் அளவுகோல். 1933-இல் அவர் பதவிக்கு வந்தபோது வேலைக்குப் போகக்கூடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 1935-இல் முதியோர் ஓய்வூதியத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார். "மாசம் பொறந்தா எனக்குப் பென்ஷன் வருது. யார்கிட்டயும் கை நீட்டாம இருக்கேன். வயசானவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்கு இப்பத் தெரியாது." நான் எதிர்த்துப் பேசவில்லை. நுழைவாயில் பக்கம் சக்கர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும் சிலையும் இருக்கிறது. 1997-இல் திறந்தபோது அது இல்லை. மாற்றுத்திறனாளிகள் போராடித்தான் 2001-இல் வந்தது. முட்டியும் கையும் தொட்டுத் தொட்டுப் பளபளக்கும்படி மக்கள் பழகும் சிலை அது. தவறவிடாதீர்கள்.

இப்போது சாப்பாடு. யூ ஸ்ட்ரீட் பக்கம் ஓர் எத்தியோப்பியக் கடை. ஐயோ, என்ன சாப்பாடு! இஞ்சேரா என்று தாம்பாள அகலத்துக்கு ஒன்று வருகிறது. டெஃப் என்ற தானிய மாவைப் புளிக்க வைத்துச் சுடுவது. நம் ஊர் ஆப்பமும் புளித்த தோசையும் சேர்ந்த மாதிரி, மேலெல்லாம் பொடிப்பொடிக் கண். அதன்மேலேயே மிளகாய் போட்ட மைசூர்ப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், கடலை மாவுக் குழம்பு. ஸ்பூன் கிடையாது. கையால் பிய்த்து வழித்துச் சாப்பிட வேண்டும். மூன்று வாரமாகக் கையால் வெளியில் சாப்பிடாத மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் வயிறு நிறைய 24 டாலர். அந்த ஊரில் இதைவிட நியாயமான விலையில் இவ்வளவு நல்ல சாப்பாடு எனக்குக் கிடைக்கவில்லை.

மீதிச் சில்லறை வந்தது. மாமா அதில் ஒரு டைம் நாணயத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பத்து சென்ட், அதில் ரூஸ்வெல்ட் தலை. பக்கத்தில் ஒரு சென்ட், அதில் லிங்கன். "பத்து லிங்கன் சேர்ந்தாத்தான் ஒரு ரூஸ்வெல்ட்!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். நான் பர்ஸிலிருந்து ஐந்து டாலர் நோட்டை எடுத்து வைத்தேன். அதில் யார் படம் என்று உங்களுக்கே தெரியும்.

கடையிலிருந்து சில எட்டு வைத்தால் மெட்ரோ வாசலிலேயே உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பினப் படைவீரர்களின் நினைவிடம். வளைந்த சுவரில் உலோகத் தகடுகள், அவற்றில் 2,09,145 பெயர்கள். ஒரு தகட்டை மட்டும் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தேன். வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. லிங்கன் விடுதலை கொடுத்தார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் படித்தோம். இவ்வளவு பேர் துப்பாக்கி தூக்கினார்கள் என்பது அந்த வரியில் இல்லை.

இரவு ஒன்பதரைக்கு லிங்கன் நினைவிடம் போனோம். 24 மணி நேரமும் திறந்திருக்கும். இரவில் போங்கள், பகலில் கூட்டம் தாங்காது. 36 தூண்கள், அவர் இறந்தபோது இருந்த மாநிலங்களின் எண்ணிக்கை. உள்ளே 19 அடி உயரச் சிலை. இடது கை மூடியிருக்கிறது, வலது கை விரிந்திருக்கிறது. வடக்குச் சுவரில் அவருடைய இரண்டாவது பதவியேற்பு உரை. அதில் ஃபியூச்சர் என்ற சொல்லின் முதல் எழுத்தை எஃப் என்று செதுக்குவதற்குப் பதில் ஈ என்று செதுக்கிவிட்டு, கீழ்க்கோட்டை அடைத்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அடைத்த தடம் இன்றும் தெரிகிறது.

மாமா விடவில்லை. "இந்தக் கைதானே 1862-ல டக்கோட்டாக்காரங்க 38 பேரைத் தூக்குல போடக் கையெழுத்துப் போட்டுச்சு?" போட்டதுதான். டக்கோட்டா என்பது அமெரிக்கப் பூர்வகுடி இனம். 303 பேருக்கு விதித்த மரண தண்டனையைப் பரிசீலித்துப் பெரும்பாலானவர்களைத் தப்பவிட்டார், ஆனாலும் ஒரே நாளில் 38 பேர். அதை மறைக்க எனக்கு மனமில்லை.

அந்தப் படியில் உட்கார்ந்து நான் சொன்னது இதுதான். ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் நாட்டைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்று 1862 ஆகஸ்டில் எழுதியவர் லிங்கன். 1863 ஜனவரி 1 அன்று கிளர்ச்சி மாநிலங்களின் அடிமைகள் விடுதலை என்று அறிவித்தவரும் அவரே. 1865 ஏப்ரல் 11 அன்று, படையில் பணியாற்றிய கறுப்பர்களுக்கும் படித்தவர்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று பேசினார். அந்தக் கூட்டத்தில் நின்று அதைக் கேட்டவன் ஜான் வில்க்ஸ் பூத். மூன்றாம் நாள் சுட்டான். பதவியில் உட்கார்ந்தபடியே தன் மனதை இவ்வளவு தூரம் மாற்றிக்கொண்டு, அதற்காகவே உயிரையும் கொடுத்த வேறொரு தலைவரை எனக்குத் தெரியவில்லை. அடிமையாகப் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1876-இல் இதே ஊரில் சொன்னார்: எங்கள் இடத்திலிருந்து பார்த்தால் லிங்கன் மந்தமானவர், அவருடைய நாட்டு மக்களின் மனநிலையை வைத்து அளந்தால் வேகமானவர். அதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. எதிரே குளத்தில் வாஷிங்டன் தூணின் வெளிச்சம் நீளமாக விழுந்திருந்தது. "நல்லாத்தான் பேசுற" என்றார். "ஆனா ஹைட் பார்க் போய் ரூஸ்வெல்ட் வீட்டைப் பார்த்துட்டு அங்க வச்சு இதையே சொல்லு, ஒத்துக்கிறேன்."

ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது ஹைட் பார்க். கிராண்ட் சென்ட்ரலிலிருந்து போகீப்சிவரை ரயில், அதன் பிறகு சில மைல். டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏசி ஒழுகும் பேருந்து மட்டும் இந்தத் தடவை கிடையாது.