எம்டனைத் தேடி சிட்னியில்

எங்கள் பாட்டியின் அகராதியில் எம்டன் என்பது கப்பல் கிடையாது. பாலில் தண்ணீர் கலந்துவிட்டு முகத்தில் சலனமே இல்லாமல் நிற்கும் பால்காரர் எம்டன். மாங்காயைத் திருடி டிராயருக்குள் ஒளித்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிய நானும் எம்டன். முதல் உலகப் போர் சமயத்தில், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டு மாயமான ஜெர்மன் போர்க்கப்பல் அது என்பது, உயர் நீதிமன்ற மதிலில் இருக்கும் கல்வெட்டைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கப்பலின் பீரங்கி ஒன்று சிட்னி நகரத்தின் நடுவில், ஹைட் பார்க் பூங்காவின் தென்கிழக்கு மூலையில் நிற்கிறது. சித்தி மகன் அங்கே பதினைந்து வருடமாக இருக்கிறான். அந்தப் பக்கம் நூறு தடவையாவது நடந்திருப்பான். "இதுவா? ஏதோ பழைய பீரங்கின்னு நினைச்சேன்" என்றான். 1917ல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். காபிக் கோப்பையோடு அதன் பீடத்தில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்த ஒருவர், நான் படம் எடுப்பதைப் பார்த்து நாகரிகமாக நகர்ந்துகொண்டார். இரும்பைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சுட்டது.

எம்டனின் முடிவு இந்த ஊர்க்காரர்கள் கையால்தான். 1914 நவம்பர் முதல் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறைமுகத்திலிருந்து சுமார் 30,000 ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களோடு கப்பல் வரிசை கிளம்பியது. அதற்குக் காவலாகப் போன கப்பல்களில் ஒன்று ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி'. வழியில் இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவின் தந்தி நிலையத்திலிருந்து அபாயச் செய்தி வர, சிட்னி மட்டும் பிரிந்து போய், நவம்பர் 9 அன்று எம்டனைச் சல்லடையாக்கியது. கேப்டன் ஃபான் முல்லர் கப்பலை ஒரு தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். ஜெர்மானியர்கள் நூற்றுக்கும் மேல் செத்தார்கள், ஆஸ்திரேலியர்கள் நான்கு பேர். ஆஸ்திரேலியாவின் புதிய கடற்படைக்கு இது முதல் பெரிய வெற்றி. போர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு ஊரே நினைத்திருக்க வேண்டும்.

பீரங்கியிலிருந்து சில நிமிட நடையில் ஆன்சாக் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை) நினைவகம். உள்ளே அண்ணாந்து பார்த்தால் குவிமாடம் முழுக்கத் தங்க நட்சத்திரங்கள், 1,20,000. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலிருந்து மட்டும் படையில் சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்ற கணக்கு. கீழே ஒரு சிலை: இறந்த வீரனை அம்மா, தங்கை, கைக்குழந்தையோடு மனைவி மூவரும் சுமக்கிறார்கள். நாடு முழுவதும் 50 லட்சம் பேர்கூட இல்லாத காலம் அது. அதில் நான்கு லட்சத்துக்கு மேல் சேர்ந்தார்கள், 60,000 பேருக்கு மேல் இறந்தார்கள். துருக்கியில் நடந்த கலிபோலிச் சண்டையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அங்கே போன உயிர்கள் எட்டாயிரத்துச் சொச்சம்; பிரான்ஸ், பெல்ஜியம் சேற்றில் போன உயிர்கள்தான் பெரும்பகுதி.

மறுநாள் காரில் கான்பெரா. மூன்று மணி நேரப் பயணம்தான், ஆனால் நான் பாதி வழியில் பெரிமாவில் நிறுத்தச் சொன்னேன். மணற்கல் சிறைச்சாலை ஒன்றும் சில கடைகளும் உள்ள குட்டி ஊர். (ஜாம் விற்கும் கடைகளை மனைவியிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை.) போர் தொடங்கியபோது ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் மாட்டிக்கொண்ட ஜெர்மன் வணிகக் கப்பல்களின் அதிகாரிகளை இங்கே அடைத்திருந்தார்கள். அடைத்தார்கள் என்பது இரவுக்குத்தான் பொருந்தும். பகலில் வெளியே விட்டார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. விங்கெகரிபீ ஆற்றங்கரையில் குடிசைகள் கட்டினார்கள், காய்கறி போட்டார்கள், படகுகள் செய்து அலங்கரித்துத் திருவிழாவே நடத்தினார்கள். வேடிக்கை பார்க்க உள்ளூர்க்காரர்கள் வந்தார்களாம். அந்தக் கரையில் இப்போது வாத்துகள்தான் இருக்கின்றன.

எல்லாக் கைதிக்கும் பெரிமா கிடைக்கவில்லை. சிட்னிக்கு வெளியே ஹோல்ஸ்வொர்தியில் முள்வேலிக்குள் ஆயிரக்கணக்கானவர்கள். மொத்தம் சுமார் 7,000 பேரை இப்படி அடைத்தார்கள். அவர்களில் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. அப்பா ஜெர்மானியர் என்பதே சிலருக்குக் குற்றமாகிவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 69 ஜெர்மன் ஊர்ப்பெயர்களை மாற்றச் சட்டமே போட்டார்கள். ஹான்டார்ஃப் 'ஆம்பிள்சைடு' ஆனது, பழைய பெயர் திரும்ப 1935 ஆயிற்று.

வீட்டுக்குள் சண்டை அதோடு நிற்கவில்லை. பிரான்சில் ஆட்கள் செத்துக் குவிய, கட்டாய ராணுவ சேவைக்கு மக்களிடம் ஓட்டுக் கேட்டார் பிரதமர் பில்லி ஹியூஸ். 1916ல் சுமார் 72,000 ஓட்டு வித்தியாசத்தில் முடியாது என்றார்கள். அவருடைய தொழிற்கட்சி உடைந்தது. 1917ல் மறுபடி கேட்டார், வித்தியாசம் இன்னும் கூடியது. கடைசிவரை போனவர்கள் எல்லோரும் தாமாகப் போனவர்களே. சின்ன ஊர் நினைவுத் தூண்கள் பலவற்றில் இறந்தவர்களோடு உயிரோடு திரும்பியவர்களின் பெயர்களும் இருப்பது அதனால்தான். பக்கத்து வீட்டுப் பையன் பெயர் கல்லில் இருந்து தன் பெயர் இல்லாதவர் அந்தத் தெருவில் எப்படி நடந்திருப்பார் என்று கார் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

கான்பெரா போர் நினைவகத்தின் நீண்ட தாழ்வாரங்களில் வெண்கலப் பலகைகள். எல்லாப் போர்களிலும் இறந்தவர்களைச் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், எதிலும் பதவி இல்லை. பெயர்களுக்கு நடுவே இடுக்குகளில் சிவப்புப் பாப்பிப் பூக்கள். வயதான ஒரு பெண்மணி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பெயரின் மேல் விரலை ஓட்டித் தேடினார். எட்டவில்லை. சித்தி மகன் பூவை வாங்கிச் செருகிக் கொடுத்தான். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவரவில்லை. வந்தது ஒரு தளபதியின் உடல் மட்டும், அப்புறம் 1993ல் பெயர் தெரியாத ஒரு வீரனின் எச்சம்.

வெளியே புல்வெளியில் ஒரு பைன் மரம். 1915 ஆகஸ்டில் கலிபோலியின் லோன் பைன் என்ற இடத்தில் நடந்த சண்டையில் 2,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். அங்கே தம்பியையோ அண்ணனையோ இழந்தவர்கள் எத்தனையோ பேர். அப்படிச் சகோதரனைப் பறிகொடுத்த ஒரு வீரன், துருக்கியர் பதுங்குகுழிக்கு மேல் போட்டிருந்த கிளையிலிருந்து ஒரு காயை எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். அவள் அதைப் பல வருடம் பத்திரமாக வைத்திருந்து, பிறகுதான் விதையை எடுத்து முளைக்கவிட்டாள். அதில் வந்த கன்றுதான் 1934ல் இங்கே நட்ட இந்த மரம்.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, சித்தி மகனின் ஏழு வயதுப் பெண் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பைன் காய். "எங்கடி எடுத்தே?" என்று அவன் அதட்ட, அவள் கண் இமைக்காமல் "அதுவா விழுந்துச்சு" என்றாள்.

"சரியான எம்டன்" என்றேன் நான்.